குதிரைக்காரி பவுனு

வாய்க்கால் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் சாக்கை மடித்துப் போட்டு, அதன்மேல் இந்தப் பக்கம் ஒரு கால், அந்தப் பக்கம் ஒரு காலாகப் பவுனு உட்கார்ந்திருக்கிறாள். விடிந்தும் விடியாத நேரம். மேற்கே மலையின் பாதிவரைக்கும் மேகம் இறங்கிக் கிடக்கிறது. சேலைக்குள் மகனுடைய பழைய டிராக் பேண்ட். முதுகை நேராக வைத்திருக்கிறாள். விரல்கள், இல்லாத கயிற்றைப் பிடித்தபடி மடங்கியிருக்கின்றன.

பால் கேன்களைக் கட்டிக்கொண்டு வரும் சுருளிராஜன் வண்டியை மெதுவாக்குகிறான்.

“என்ன அயித்தை, குதிரை இன்னும் கெளம்பலையா?”

“தண்ணி குடிக்குது. நீ முன்னால போ.”

ஆடி மாதத்திலிருந்து அவன் கேட்பது இதுதான், அவள் சொல்வதும் இதுதான். இருவருக்குமே அதில் சிரிப்பு வற்றி வெகுநாளாகிவிட்டது. ஆனாலும் கேட்காமல் போனால் அன்றைக்குப் பால் திரிந்துவிடும் என்பதுபோல அவன் கேட்டுவிட்டுத்தான் போகிறான்.

அவன் போன பிறகு அவள் இடது காலைத் தொடைக்கடியில் கை கொடுத்துத் தாங்கி, சற்றே அகட்டி வைக்கிறாள். அந்தக் காலின் இடுப்பு மூட்டு அவளுடையது இல்லை. போன மாசியில் அறுத்து, தேய்ந்துபோன எலும்பை எடுத்துவிட்டு, உள்ளே ஒரு பந்தும் கிண்ணமும் வைத்துத் தைத்திருக்கிறார்கள். கண்ணில் படாத அந்தச் சாமானைப் பற்றி, வீட்டுக்கு வந்த புது மருமகளைப் பற்றிப் பேசுவதுபோலத்தான் பவுனு பேசுவாள். “இன்னைக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கு.” “ராத்திரி கொஞ்சம் சொன்ன பேச்சு கேட்டுச்சு.”

சுவரில் உட்காருவது எந்த டாக்டரும் சொன்னதில்லை, அவளாகக் கண்டுபிடித்தது. முதலில் வெறும் சுவரில் உட்கார்ந்தாள். அதற்கே கண் இருட்டிக்கொண்டு வந்தது. அது பழகியதும் இரண்டு பக்கமும் தொங்குகிற மாதிரி ஒரு சாக்கைப் போட்டாள். அதுவும் பழகியதும் அதன்மேல் இன்னொன்று. சாக்கு ஏற ஏறச் சுவர் தடிக்கும், கால்கள் விலகும். செவலையின் முதுகு அகலத்துக்குச் சுவர் வந்துவிட்டால் செவலைமேலேயே ஏறிவிடலாம். செவலை என்பது அவளுடைய குதிரை. செந்நிறப் பெட்டை, மலைக்குதிரை, உயரம் குறைவு, வயிறு பெரிது. “அவ தின்னு தின்னு வயித்த வளத்து வச்சிருக்கா, இங்கன எனக்குல்ல சாக்கு கூடுது” என்று பவுனு குறைப்பட்டுக்கொள்வாள்.

பவுனுக்கு அறுபது நெருங்குகிறது. யாரிடம் பேசினாலும் முகத்தைப் பார்க்க மாட்டாள், காலைப் பார்ப்பாள். ஆள் நடந்து வரும்போதே எந்தக் காலில் பாரம் இறங்குகிறது, எதைக் கொஞ்சம் இழுத்து வைக்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரிந்துவிடும். மகனுக்குப் பெண் பார்க்கப் போன வீட்டில், கயல் காப்பித் தட்டோடு வந்தபோதும் அவள் பாதத்தைத்தான் பார்த்தாளாம். வெளியே வந்ததும், “பிள்ளை நல்லா மிதிச்சு நடக்குது. முடிச்சிருவம்” என்றாளாம். கயல் இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவாள். “என்னையப் பொண்ணு பாக்க வரல, குதிரை பாக்க வந்தாக.”

போடியிலிருந்து மலைக்குப் போகிற ரோட்டில், ஊர் முடிகிற இடத்தில் அவர்கள் வீடு. மேலே மலையில் பவுனுக்குக் கொஞ்சம் காப்பித் தோட்டம் உண்டு. இங்கே அதைக் காடு என்றுதான் சொல்வார்கள். காப்பிச் செடி, ஊடே மிளகுக் கொடி, ஓரமாக எலுமிச்சை, நாலைந்து இலவ மரம். அங்கே போக ரோடு கிடையாது. ஜீப் நிற்கிற இடத்திலிருந்து கல் பாவிய குதிரைப் பாதைதான். ஏறும்போது இடது பக்கம் பாறை, வலது பக்கம் பள்ளம். அரிசி, சிமெண்டு, கேஸ் சிலிண்டர் எல்லாம் பொதிக் குதிரை முதுகில்தான் ஏறும். காப்பியும் எலுமிச்சையும் அதே முதுகில்தான் இறங்கும். மனிதர்கள் குதிரையோடு கூட நடப்பார்கள். குதிரைமேல் உட்கார்ந்து போகிற வழக்கம் இங்கே யாருக்கும் கிடையாது.

பவுனு ஒருத்திதான் போனாள். பாதிப் பாதையில் இடிபாறை என்று ஒரு வளைவு உண்டு. பாறை அங்கே வயிறு தள்ளிக்கொண்டு நிற்கும், பாதை ஒடுங்கிவிடும். அந்த இடம் வந்தால் பவுனு பேசிக்கொண்டிருக்கும் பேச்சைக்கூட நிறுத்தாமல் இடது முட்டியைத் தூக்கிச் செவலையின் கழுத்தோடு ஒட்டிக்கொள்வாள். பாறை தாண்டியதும் கால் தானாகக் கீழே இறங்கிவிடும்.

தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு அவள் கடைத்தெரு வழியாகப் போகும்போது டீக்கடையில் இருப்பவர்கள் எழுந்து நிற்பதுபோல நடிப்பார்கள். “ஜமீன் வர்றாக, வழி விடுங்கப்பா.” பொம்பளைக்கு இத்தனை திமிர் ஆகாது என்று உறவுக்குள்ளும் பேச்சு இருந்தது. ஒரு சாவு வீட்டு வாசலில் அவள் குதிரையில் போய் இறங்கியதை இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். பவுனு எதற்கும் பதில் சொன்னதில்லை.

அவள் ஆஸ்பத்திரிக்குப் போன பிறகுதான் ஊருக்கு விஷயம் தெரிந்தது. புருசன் முத்துவீரன் உயிரோடு இருந்த காலத்திலேயே அவளுக்கு இடுப்பு கெட்டுவிட்டது. எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர், இந்த எலும்பை வைத்துக்கொண்டு இத்தனை வருசம் எப்படி மலை ஏறினீர்கள் என்று கேட்டார்.

“நான் எங்கய்யா ஏறுனேன். குதிரை ஏறுச்சு” என்றாள் பவுனு.

நடந்தால் நொண்டுவது தெரியும். குதிரைமேல் இருந்தால் தெரியாது. “நொண்டின்னு சொல்றதுக்கு ஜமீன்னு சொல்லிட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்” என்று ஒரு தடவை கயலிடம் சொன்னாள். சொன்ன குற்றத்துக்கு அடுத்த இரண்டு நாளும் கயலிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் நிறையச் சொல்லி அனுப்பினார். தரையில் உட்காரக் கூடாது. சம்மணம் போடக் கூடாது. குனிந்து எதையும் எடுக்கக் கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியம், முட்டி இடுப்புக்கு மேலே வரவே கூடாது, வந்தால் பந்து கிண்ணத்தை விட்டு நழுவிவிடும். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தவள் கடைசியில், “குதிரை ஏறலாமாய்யா?” என்றாள். டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். பஸ்ஸில் போகலாமா, ஸ்கூட்டரில் பின்னால் உட்காரலாமா என்று கேட்டவர்கள் உண்டு. குதிரையை யாரும் கேட்டதில்லை. பக்கத்தில் நின்ற சின்ன டாக்டர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

“ஆறு மாசம் போகட்டும். அப்புறமும் விழக் கூடாதும்மா. விழுந்தா ரொம்பக் கஷ்டம்.”

பவுனுக்கு அது போதும். யார் என்ன தடுத்தாலும் அதைத்தான் எடுத்து முன்னால் வைப்பாள். “டாக்டரு விழக் கூடாதுன்னாக. ஏறக் கூடாதுன்னு சொல்லல.”

வீட்டுக்குள் இருக்கிற பவுனு வேறு ஆள். மற்றவர்கள் தரையில் உட்கார்ந்து சாப்பிட, ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி உயரமாக்கிய பிளாஸ்டிக் நாற்காலிகளின்மேல் அவள் உட்கார்ந்து, தட்டை மடியில் வைத்துச் சாப்பிடுகிறாள். படுத்தால் கால்களுக்கு நடுவே தலையணை வேண்டும். கை தவறிச் சீப்போ துண்டோ கீழே விழுந்தால் எடுக்க முடியாது. அதற்காக யாரையும் கூப்பிடவும் மாட்டாள். “கெடக்கட்டும்” என்பாள். வேலை முடிந்து கயல் வந்து பார்க்கும்போது, அன்றைக்கு விழுந்ததெல்லாம் நாற்காலியைச் சுற்றி விழுந்த இடத்திலேயே கிடக்கும், எடுக்க ஆளில்லாத காப்பிச் செடிக்கடியில் பழம் கிடப்பதுபோல.

கெடக்கட்டும் என்பது அவளுக்கு எல்லாவற்றுக்கும் ஆகிற சொல். கரண்டு போனாலும் கெடக்கட்டும், தங்கச்சி வந்து பார்க்காவிட்டாலும் கெடக்கட்டும். யாராவது தூக்க வந்தால் மட்டும் அந்தச் சொல் வராது. ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சரிலிருந்து கட்டிலுக்கு நாலு பேர் சேர்ந்து ஒன், டூ, திரீ சொல்லித் தூக்கிப் போட்டது அவளுக்கு இன்றுவரை ஆறவில்லை. “தூக்கட்டுமான்னு ஒரு வார்த்தை கேக்க வேணாம்? மூட்டையக்கூடப் பாத்துப் பதமாத்தேன் ஏத்துவாக.” கயல் அக்குளில் கை கொடுத்து எழுப்ப வந்தாலும் அதே கதைதான். “விடு. நான் என்ன மூட்டையா?”

மகன் சூரியபிரகாஷுக்குத் தேனியில் டைல்ஸ் கடையில் வேலை. கெட்டவன் இல்லை. ஆஸ்பத்திரியில் கட்டிலுக்கு அடியில் பாய் விரித்துப் படுத்திருந்தவன் அவன்தான். ஆனால் அவனுக்கு மலையும் வேண்டாம், குதிரையும் வேண்டாம். அதற்கு அவன் சொல்லும் காரணத்தையும் தள்ள முடியாது. காப்பிப் பழம் எடுக்க வருகிற பெண்கள், காட்டுக்காரி மேலே வந்து கூடத் தங்கினால்தான் வருவார்கள். அவள்தான் அடுப்புப் பற்ற வைத்து எல்லாருக்கும் சோறு போட வேண்டும். அடுப்பு எரியாத காட்டுக்கு ஆள் ஏறாது என்பது இந்த மலையில் எழுதாத சட்டம். போன வருசம் வலி முற்றிப் பவுனுவால் ஏற முடியவில்லை. பாதிப் பழம் செடியிலேயே கறுத்து உதிர்ந்தது. மருமகளைப் போகச் சொல்லலாம் என்றால், கயலுக்கு ஊரில் பாலர் பள்ளியில் வேலை, அதை விட முடியாது.

ஐப்பசியில் ஒரு நாள் சூரியபிரகாஷ் பேச்சை எடுத்தான்.

“கார்த்திகை கழியட்டும்மா. அதுக்குள்ள நீ மேல ஏறிட்டேன்னா நான் வாயே தெறக்கல. ஏறலைன்னா காட்டக் குத்தகைக்கு விட்ருவோம். செவலைய, இப்ப வச்சுப் பாத்துக்கிற ராஜமணி மாமாட்டயே கொடுத்துருவோம். அப்ப நீ பேசக் கூடாது.”

“ஏறுனாப் போதுமா?”

“வேற என்ன?”

“எறங்க வேணாமாடா?”

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் சொன்ன சொல்லை அவன் மாற்றவில்லை.

கிழவிக்குக் குதிரை ஆசை விடவில்லை என்று ஊர் நினைக்கிறது. பவுனுக்கு ஆசையெல்லாம் இல்லை. அலுப்புதான். எழுந்திருக்க அலுப்பு, சுவர்வரைக்கும் கம்பு ஊன்றிப் போக அலுப்பு, போகிறவர் வருகிறவரின் கேள்விக்குப் பதில் சொல்ல அலுப்பு. “கால நீட்டி அப்படியே கெடந்தாப் போதும்னு இருக்குடி. ஆனா ஒருவாட்டி கெடந்துட்டேன்னா, கெடக்கட்டும்னு விட்ருவீக” என்று கயலிடம் சொல்லியிருக்கிறாள். அவளுடைய சொல்லை அவளுக்கே யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற பயம் அவளை விடியற்காலையில் எழுப்பிவிடுகிறது.

கார்த்திகையின் கடைசி வாரம். மழை இரண்டு நாளாக விட்டிருக்கிறது. ஜீப் நிற்கும் இடத்தில் ராஜமணி தன் குதிரைகளுக்குச் சுமை கட்டிக்கொண்டிருக்கிறார். முத்துவீரனோடு சேர்ந்து மலை ஏறியவர், பவுனுவை மதினி என்பார். பவுனு படுத்ததிலிருந்து செவலை அவரிடம்தான் இருக்கிறது. தீனி அவர் போடுவது, பொதிக்கு அவர் பயன்படுத்திக்கொள்வது என்று பேச்சு. லீவு போட்டுவிட்டுக் கயல் கூட வந்திருக்கிறாள்.

பவுனு கம்பை ஊன்றி நின்று செவலையின் கால்களைத்தான் முதலில் பார்க்கிறாள். நாலு குளம்பும் பார்த்தாகிவிட்டது. பிறகு முதுகைப் பார்க்கிறாள். மூட்டை உரசி இரண்டு பக்கமும் மயிர் தேய்ந்து வழுக்கையாக இருக்கிறது.

“என்னடி, மூட்டை தூக்கிப் பழகிட்டியாக்கும்?”

செவலை அவளை மோந்து பார்க்கிறது. அடையாளம் தெரிந்ததா இல்லையா என்று சொல்ல முடியாது. சேலை முந்தியை ஒரு தரம் வாயில் வைத்துப் பார்த்துவிட்டு விட்டுவிடுகிறது.

சுமை ஏற்றுவதற்கென்று அங்கே குதிரை முதுகு உயரத்துக்கு ஒரு கல் மேடை இருக்கிறது. அதற்குப் பின்பக்கமாகப் படி. ஒரு படிக்கு ஒரு மூச்சு என்று பவுனு ஏறுகிறாள். ராஜமணி செவலையை மேடையோடு ஒட்டி நிறுத்துகிறார். இடது பக்கம் பாதம் வைக்கிற மிதி கயிற்றை அவள் சொன்ன அளவுக்கு நீட்டிக் கட்டியிருக்கிறார், முட்டி மேலே வராதபடிக்கு.

“எந்தக் கால் மொதல்ல மதினி?”

“ஏறையில நல்ல கால், எறங்கையில ஆபரேசன் கால்” என்று கயல் ஒப்பிக்கிறாள். ஆஸ்பத்திரியில் நடை பழக்கிய பெண் சொல்லிக் கொடுத்தது.

“அது படிக்கட்டுக்குச் சொன்னது தாயி. குதிரைக்குமா?”

“குதிரைக்கு அவகளுக்கு என்ன தெரியும். இதுக்கும் அதேதேன்” என்கிறாள் பவுனு.

ராஜமணி பழக்கத்தில் இரண்டு கைகளையும் நீட்டிவிடுகிறார். பவுனு அந்தக் கைகளைப் பார்க்கிறாள். அவர் கையை எடுத்துப் பின்னால் கட்டிக்கொள்கிறார். கம்பைக் கயலிடம் கொடுத்துவிட்டு, மேடையின் விளிம்பிலிருந்து சேணத்தில் பக்கவாட்டாக உட்கார்ந்து, வலது காலைக் கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் பக்கம் கொண்டுபோகிறாள். சேலை மாட்டிக்கொள்கிறது. விடுவித்துக்கொண்டு மறுபடி. முன்னால் கட்டி முடித்த குதிரைகள் பொறுமையில்லாமல் கல்லைத் தட்டுகின்றன. கடைசியில் கால் அந்தப் பக்கம் இறங்குகிறது. நெற்றி வேர்வையைத் தோளில் துடைத்துக்கொள்கிறாள்.

“எப்படி இருக்கு அத்தை?”

“அகலமா இருக்கு.”

ராஜமணியின் குதிரைகள் முன்னால் போக, செவலை அடுத்து, கம்பும் தண்ணீர் பாட்டிலுமாகக் கயல் கடைசியில். முதல் வளைவுவரைக்கும் ஒன்றும் இல்லை. பாதை ஏறத் தொடங்கியதும் செவலை மெல்ல வலது பக்கம் ஒதுங்குகிறது. பாதையின் நடு அதற்கு வேண்டாம். கல் முடிந்து மண் தொடங்குகிற விளிம்பில், புல்லை மிதித்துக்கொண்டு போகிறது. பவுனுவின் வலது பாதத்துக்குக் கீழே ஒன்றும் இல்லை. வெகு கீழே ஓடையும், அதற்கப்பால் தென்னந்தோப்புகளும், கண்மாயும் தெரிகின்றன.

அவள் கயிற்றை இடது பக்கம் இழுக்கிறாள். செவலை நாலடி உள்ளே வருகிறது. பிறகு மறுபடி ஓரம். மறுபடி இழுக்கிறாள்.

“ஏய், உள்ள வாடி. இது என்ன புதுப் பழக்கம்?”

முன்னாலிருந்து ராஜமணி திரும்பிப் பார்க்கிறார். “பொதிக் குதிரை அப்படித்தேன் மதினி போகும். ரெண்டு பக்கமும் மூட்டை புடைச்சுக்கிட்டு நிக்கும்ல? உள்ள போனாப் பாறையில இடிக்கும். ஒருவாட்டி இடிச்சுத் தடுமாறுச்சுன்னா, அப்புறம் உசுரு போனாலும் ஓரத்த விடாது.”

“நான் மூட்டை இல்லேல்ல.”

“அதுக்குத் தெரியுமா?”

“நான் ஏறுன குதிரை இது. நடுவுல போன குதிரை.”

“போச்சுதேன். ஒரு வருசமா சிமெண்டுல்ல சொமந்துச்சு. சொல்றதக் கேளுங்க, கயித்த விட்ருங்க. மூட்டை கணக்கா உக்காந்திருங்க. மூட்டை என்னைக்காச்சும் கயிறு பிடிச்சுப் பாத்திருக்கீகளா?”

பவுனுவின் முகம் இறுகிவிட்டது. கயிற்றை இன்னும் ஒரு சுற்று கையில் சுற்றிக்கொள்கிறாள். இழுப்பதும் ஒதுங்குவதுமாகப் பாதை ஏறுகிறது. தோள் கடுக்கிறது. இடுப்புக்குள் புது மருமகள் முனகத் தொடங்கிவிட்டாள். விழக் கூடாது என்று டாக்டர் சொன்னது நினைவுக்கு வருகிறது. இத்தனை நாளும் அவள் பிறருக்கு எடுத்துச் சொன்ன சொல், இப்போது பள்ளத்திலிருந்து அவளுக்கே கேட்கிறது.

பின்னாலிருந்து கயல் மூச்சு வாங்கச் சொல்கிறாள். “போதும் அத்தை. இம்புட்டுத் தூரம் வந்ததே பெருசு. எறங்கி மெதுவாப் போயிருவோம். உங்க மகன்ட்ட நான் பேசிக்கிறேன்.”

“என்னன்னு பேசுவ?”

கயல் தண்ணீர் பாட்டிலைக் கைமாற்றிக்கொள்கிறாள்.

“பாதி வழி வந்தாக, பாவம், முடியல. அதான? அதச் சொன்னா அவன் நாளைக்கே குத்தகைக்கு ஆள் கூட்டியாந்துருவான்” என்கிறாள் பவுனு. கோபம் இல்லாமல்தான் சொல்கிறாள். கோபப்படுகிற தெம்பு குரலில் இல்லை. “திரும்புறதுக்கு இங்கன எடம் எங்க இருக்கு. நட.”

இடிபாறை வருகிறது. முன்னால் போன குதிரைகள் ஒவ்வொன்றாகப் பள்ளத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு வளைவில் மறைகின்றன. பாதை அங்கே ஒடுங்குவதைப் பார்த்ததும் பவுனு பயத்தில் கயிற்றை இரண்டு கையாலும் இடது பக்கம் இழுத்துப் பிடிக்கிறாள். இந்தத் தடவை செவலை கேட்டுவிடுகிறது. தலையைத் திருப்பி, உள்ளே, பாறையை ஒட்டிப் போகிறது, பழைய நாளில் போனதுபோல.

பாறையின் வயிறு அவள் இடது முட்டிக்கு நேராக வருகிறது. உடம்பு பழைய வேலையைத் தானாகச் செய்யப் பார்க்கிறது. முட்டியைத் தூக்கப் போகிறாள். தொடை கொஞ்சம் எழும்பியதும் இடுப்புக்குள் பளீரென்று ஒன்று குத்தி நிறுத்திவிடுகிறது. முட்டி இடுப்புக்கு மேலே வரக் கூடாது. கால் மறுபடி கீழே தொங்குகிறது. மடக்கவும் முடியாது, எடுக்கவும் முடியாது. மூட்டைகள் உரசி உரசிக் கறுத்து எண்ணெய் தடவியதுபோல மினுங்குகிற பாறை, அந்தக் காலைப் பார்த்து வந்துகொண்டிருக்கிறது.

செவலை தானாக நின்றுவிடுகிறது. பாறைக்கும் முட்டிக்கும் நடுவே ஒரு உள்ளங்கை நுழைகிற இடம்கூட இல்லை.

வளைவுக்கு அந்தப் பக்கம் ராஜமணியின் குதிரைகளின் மணிச் சத்தம் நின்றுவிட்டது. கயல் இரண்டு கையாலும் கம்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். செவலையின் ஒரு காது மட்டும் பின்னால் திரும்பி, முதுகில் இருக்கிறவள் என்ன சொல்லப் போகிறாள் என்று காத்திருக்கிறது.

பவுனு தலையைத் தாழ்த்தித் தன் இடது காலைப் பார்க்கிறாள். ஊரில் மற்றவர்களின் காலைப் பார்க்கிற அதே பார்வை. தொங்குகிற பாதம், நீட்டிக் கட்டிய கயிறு, மடங்காத முட்டி. பிறகு வலது பக்கம் பள்ளத்தைப் பார்க்கிறாள். மேகம் ஒரு துண்டு பாதைக்குக் கீழாக நகர்ந்து போகிறது. அவள் மூச்சை இழுத்து விடுகிறாள். அந்த மூச்சோடு முதுகு கொஞ்சம் தளர்கிறது. காலையிலிருந்து இறுக்கிப் பிடித்திருந்த முதுகு.

“கெடக்கட்டும்” என்கிறாள்.

கையில் சுற்றியிருந்த கயிற்றை ஒவ்வொரு சுற்றாக அவிழ்க்கிறாள். உள்ளங்கையில் கயிறு பதிந்த தடம் சிவந்திருக்கிறது. கயிற்றைச் செவலையின் பிடரிமேல் போடுகிறாள்.

செவலை கொஞ்ச நேரம் அப்படியே நிற்கிறது. பிறகு ஒரு காலை எடுத்து வலது பக்கம் வைக்கிறது, அடுத்த காலை அதற்குப் பக்கத்தில். பாறை இடது முட்டியை விட்டு விலகுகிறது. ஒரு ஆள் புகுந்து போகிற அளவுக்கு இடம் வருகிறது. ஓரத்துப் புல்லை மிதித்துக்கொண்டு, அவசரமில்லாமல், செவலை வளைவுக்குள் போகிறது. தொங்குகிற இடது காலை எதுவும் தொடவில்லை.

“மதினி?” என்று அந்தப் பக்கத்திலிருந்து ராஜமணியின் குரல் கேட்கிறது.

பவுனு இரண்டு கைகளையும் மடியில் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துக்கொண்டு, அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள்.